கேட்காமல் வந்த ஆப்களை அனுப்பி வைப்பது எப்படி

வேண்டாத ஆப்பை நீக்குவதைப் பெரும்பாலானவர்கள் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். கண்ணில் படும் ஐகானை எல்லாம் அழிப்பார்கள். கொஞ்ச நாளில் அதில் பாதி திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் ‘இந்தப் போனே இப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை அது. ஆப்களை இறக்கிக்கொண்டே இருக்கும் வழியை முதலில் அடைக்க வேண்டும், பிறகுதான் இருப்பதை நீக்க வேண்டும். நானும் அந்த வரிசையில்தான் சொல்லப் போகிறேன்.

நான் தில்லி கரோல் பாக்கில், கஃபார் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மொபைல் ரிப்பேர் கவுன்டரில் வேலை செய்கிறேன். தமிழில் பேசலாம் என்பதற்காகவே ஆர்.கே. புரம், ஜனக்புரி, மயூர் விஹார் என்று தூரத்திலிருந்து மெட்ரோ ஏறி வருகிறவர்கள் உண்டு. டிஸ்பிளே உடைந்தது, பேட்டரி உப்பிவிட்டது என்று வருகிறவர்களுக்குச் சமமாக, ‘போன் ரொம்பத் தொந்தரவு பண்ணுதுப்பா’ என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொந்தரவுக்கு ஸ்க்ரூடிரைவரே தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடித்துவிடலாம். அதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், நன்றாக இருக்கும் போனைக் கொடுத்துவிட்டுப் புதுசும் வாங்காதீர்கள்.

இடமா, நிம்மதியா?

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி போட்டு அனுப்பிய ஆப்களை நீக்கினால் ஸ்டோரேஜ் நிறையக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனின் ஸ்டோரேஜில் சிஸ்டத்துக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. அதில் இருப்பதைப் படிக்கலாம். நம்மால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. யூடியூப், குரோம் மாதிரியான ஆப்களின் மூலப் பிரதி அங்கேதான் இருக்கிறது. நீங்கள் நீக்கினாலும் மூலம் அப்படியே இருக்கும். அதன்மேல் வந்து சேர்ந்த அப்டேட்டுகளும், அந்த ஆப் சேர்த்து வைத்த டேட்டாவும் மட்டும்தான் போகும்.

உங்களுக்கு இடம்தான் பிரச்சினை என்றால் முதலில் வாட்ஸ்அப்பைத் திறந்து செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். குடும்ப குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்கள், ஒரே கல்யாண வீடியோவின் நாலு பிரதிகள், எல்லாம் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகத் தெரியும். 64 ஜிபி போன் நிரம்பி வழிவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இதுதான்.

ஆப்களை நீக்குவதால் கிடைப்பது வேறு. பின்னணியில் ஓடுவது நிற்கும். 3 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள போனில் அந்த வித்தியாசம் கைக்கே தெரியும். நோட்டிஃபிகேஷன் குறையும். தினசரி டேட்டா மிஞ்சும். ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி 2025 ஜூனில் இடிக்கப்பட்ட பிறகு, தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவுக்குக் குடிபோன ஓர் அக்கா, மத்தியானத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்று போனைக் கொண்டுவந்தார். வேலைக்கு இன்னமும் தெற்கு தில்லிக்குத்தான் வருகிறார், போகவர நெடுந்தூரம். டேட்டா பட்டியலைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு முறைகூடத் திறந்திராத ஓர் ஆப் ஸ்டோர் பட்டியலின் மேல்பக்கத்தில் இருந்தது. ‘இது என்னதுன்னே எனக்குத் தெரியாதே தம்பி, நான் தொட்டதே இல்லையே’ என்றார். தொட வேண்டியதில்லை, அது தானாக மற்ற ஆப்களுக்கு அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் சாயங்காலம் பஸ்ஸில் பையனோடு வீடியோ காலில் பேச அவருக்கு டேட்டா இருந்தது.

உங்கள் போனிலும் முதல் வேலையாக இந்தப் பட்டியலைப் பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது சிம் பகுதிக்குள் ‘ஆப் டேட்டா யூசேஜ்’ என்று இருக்கும். எந்த ஆப்பை வெளியேற்ற வேண்டும் என்பதற்கு ஐகானைவிட இந்தப் பட்டியல்தான் நல்ல சாட்சி.

கை வைக்கும் முன்

தில்லியில் கடைக்காரர் செட் செய்து கொடுத்த போன்களில் பல நேரம் மொழி இந்தியில் இருக்கும். பேச்சு இந்தி தெரிந்தாலும் செட்டிங்ஸ் இந்தி புரிவது கஷ்டம். முதலில் மொழியைத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். புரியாத பட்டனை அழுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

போட்டோக்கள், வாட்ஸ்அப் பேக்கப், கான்டாக்ட் எல்லாம் கூகுள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நான் கீழே பெயர் சொல்லும் மெனுக்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் இடம் மாறும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் உச்சியில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது, அதில் பெயரை அடித்தாலே அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

முதலில் குழாயை மூடுங்கள்

ரெட்மி, போகோ, ஷாவ்மி போன்களில் ‘எம்எஸ்ஏ’ என்று ஒரு சிஸ்டம் ஆப் உண்டு. கம்பெனியின் சொந்த ஆப்களுக்குள் விளம்பரத்தைக் கொண்டுவந்து கொடுப்பது அதன் வேலை. செட்டிங்ஸில் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் ஆதரைசேஷன் அண்ட் ரிவொகேஷன் என்று போனால் பட்டியலில் எம்எஸ்ஏ இருக்கும். ஸ்விட்சை அணைத்தால் ஓர் எச்சரிக்கை வரும். அதில் ‘ரிவோக்’ பட்டன் 10 விநாடி எண்ணி முடித்த பிறகுதான் அழுத்தக் கிடைக்கும். அதுவரை காத்திருங்கள். அழுத்திய பிறகும் ‘முடியவில்லை’ என்று ஒரு செய்தி வந்து ஸ்விட்ச் பழையபடி நிற்கலாம். விட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி, மறுபடி செய்யுங்கள். ஏதோ ஒரு தடவையில் அணைந்துவிடும்.

அதே போன்களில் ‘கெட்ஆப்ஸ்’ என்ற ஸ்டோரைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் தானாக அப்டேட் செய்வதையும் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். ஹோம் ஸ்கிரீனில் உள்ள ஃபோல்டரைத் திறந்து பெயர் மாற்றும் இடத்தைத் தொட்டால் ‘புரொமோட்டட் ஆப்ஸ்’ என்று ஒரு ஸ்விட்ச் தெரியும், அதையும் அணையுங்கள். புதிதாக ஓர் ஆப் போடும்போது கீழே ஏழெட்டு ஆப்களைச் சிபாரிசு செய்யும் பக்கம் வருகிறதே, அதன் செட்டிங்ஸிலும் ‘ரெகமண்டேஷன்’ என்று ஒன்று இருக்கிறது.

ரியல்மி, ஒப்போ, விவோ போன்களில் இந்த வேலையை ஹோம் ஸ்கிரீனில் வரும் ‘ஹாட் ஆப்ஸ்’, ‘ஹாட் கேம்ஸ்’ மாதிரியான ஃபோல்டர்களும் கம்பெனியின் சொந்த ஆப் ஸ்டோரும் செய்கின்றன. அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஐகான்களில் பல இன்னும் போனுக்குள் வரவே இல்லை. தொட்டால்தான் இறங்க ஆரம்பிக்கும். ஃபோல்டரை அழுத்திப் பிடித்து நீக்கிவிட்டு, அந்த ஸ்டோரைத் திறந்து சிபாரிசு, ஆட்டோ அப்டேட், நோட்டிஃபிகேஷன் மூன்றையும் நிறுத்துங்கள். சாம்சங்கில் ‘கஸ்டமைசேஷன் சர்வீஸ்’ என்று தேடி அணையுங்கள். கேலக்ஸி ஸ்டோரின் நோட்டிஃபிகேஷனையும் அணையுங்கள். கேலக்ஸி ஏ, எம், எஃப் வரிசைப் போன்களில் ‘ஆப்கிளவுட்’ என்று ஒன்று ஆப் பட்டியலில் இருந்தால் அதை டிஸேபிள் செய்துவிடுங்கள். புது ஆப்களைச் சிபாரிசு செய்து இறக்குவதற்காகவே அது இருக்கிறது.

பூட்டுத் திரை தனிக் கதை. ஆர்.கே. புரத்து மாமி ஒருவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். ‘மணி பாக்கலாம்னு பட்டனை அமுக்கினா யாரோ நடிகை வந்து நிக்கறாப்பா. அவளைத் தள்ளினா ஏதோ வீடியோ ஓடறது. நடுராத்திரி பக்கத்து ரூம்ல மாமா முழிச்சுக்கறார்.’ அவருக்கு வைரஸ் வந்துவிட்டது என்று பயம். நான் போனை வாங்கி, செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதியைத் திறந்து, ‘மாமி, இது வைரஸ் இல்லை. பூட்டுத் திரைக்கென்றே ஒரு ஆப் போட்டிருக்காங்க, இந்த ஒரு ஸ்விட்ச்தான், நீங்களே அணைங்க’ என்று அவர் விரலாலேயே அணைக்க வைத்தேன். பட்டனை மறுபடி அழுத்திப் பார்த்தார். கறுப்புத் திரையில் மணி மட்டும் தெரிந்தது. உங்கள் போனில் அதன் பெயர் ‘கிளான்ஸ்’ என்றோ ‘வால்பேப்பர் கேரசல்’ என்றோ ‘லாக் ஸ்கிரீன் மேகஸின்’ என்றோ இருக்கும். டேட்டா, பேட்டரி இரண்டையும் அது செலவழிக்கிறது. வயதானவர்கள் தவறித் தொட்டு எங்கெங்கோ போய்விடுவதற்கும் அதுதான் வழி. அப்பா அம்மா போனில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது அணைத்துக் கொடுங்கள்.

யார் அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிப்பது

விளம்பர நோட்டிஃபிகேஷன் வந்தவுடன் கோபத்தில் தள்ளிவிடாதீர்கள். அதை அழுத்திப் பிடியுங்கள். அனுப்பிய ஆப்பின் பெயர் வரும், அங்கேயே நோட்டிஃபிகேஷனை நிறுத்தும் வசதியும் இருக்கும். ஏற்கெனவே தள்ளிவிட்டீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ள போன்களில் ‘நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்தால் தள்ளியவையும் பெயரோடு பதிவாகும். திரை முழுக்க விளம்பரம் வந்து நின்றால், மூடுவதற்கு முன் ரீசன்ட் பட்டனை அழுத்துங்கள். எந்த ஐகானின் கீழ் அந்த விளம்பரம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

இப்படிப் பிடித்துப் பார்த்தால், குற்றவாளி பல நேரம் கம்பெனி போட்ட ஆப்பாக இருக்காது. ‘போன் கிளீனர்’, ‘பேட்டரி பூஸ்டர்’, ‘டார்ச் லைட்’ என்று நாமே எப்போதோ போட்டதாக இருக்கும். கிளீனர் ஆப்கள் எதுவுமே தேவையில்லை. ராம் எப்போது யாருக்கு என்பதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்கிறது. இவற்றை முதல் வரிசையிலேயே நீக்குங்கள்.

நீக்குவது: சாதாரண வழி

கம்பெனி போட்டு அனுப்புகிற ஆப்களில் நிறைய, சாதாரண ஆப் மாதிரியே நீங்கிவிடும். ஷாப்பிங், கேம், குட்டி வீடியோ ஆப்கள் பெரும்பாலும் இந்த வகை. ஐகானை அழுத்திப் பிடித்து ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும். முயற்சி செய்து பார்க்காமலேயே ‘இதெல்லாம் போகாது’ என்று வைத்திருப்பவர்கள் அதிகம்.

அன்இன்ஸ்டால் இல்லாமல் ‘டிஸேபிள்’ மட்டும் இருந்தால் அது இரண்டாவது வகை. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப்பின் பெயர், டிஸேபிள். உடனே ‘இதை முடக்கினால் மற்ற ஆப்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம்’ என்று ஒரு செய்தி வரும். கூகுள் டிவிக்கும் வரும், யூடியூப் மியூசிக்குக்கும் வரும். நீங்கள் பயன்படுத்தாத ஆப் என்றால் தயங்காமல் கொடுங்கள். ‘பழைய பதிப்புக்கு மாற்றவா’ என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அப்டேட்டுகள் போய் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். முடக்கிய ஆப்பின் ஐகான் மறையும், ஓடாது, அப்டேட்டும் ஆகாது. வேண்டும் என்றால் அதே இடத்தில் ‘எனேபிள்’ கொடுத்தால் திரும்ப வந்துவிடும். நடைமுறையில் இது நீக்கியதற்குச் சமம்தான்.

கூகுள் ஆப்களுக்கு ஏன் இந்த அரைகுறை வசதி மட்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்காகச் சட்டப் போராட்டமே நடந்தது, அதுவும் இதே தில்லியில். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்கூட்டியே போட்ட தன் ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29 அன்று அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் ஆப்களை நீக்கவிட வேண்டும் என்பது உட்பட உத்தரவின் நான்கு அம்சங்களை ரத்து செய்தது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. காசு கொடுத்து வாங்கியவருக்கு முழு உரிமை கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

‘சஞ்சார் சாத்தி’ ஆப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். எல்லாப் புதுப் போனிலும் அதைப் போட்டே அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் கடைசியில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. காணாமல் போன போனை பிளாக் செய்ய உதவும் ஆப் அது. விருப்பம் இருந்தால் நீங்களே பிளே ஸ்டோரிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

அன்இன்ஸ்டாலும் இல்லை, டிஸேபிளும் இல்லை என்றால்

ரெட்மி, ரியல்மி மாதிரியான போன்களில் சில ஆப்களுக்கு இரண்டு பட்டனுமே இருக்காது. ஃபேஸ்புக்கை நீக்கிய பிறகும் ‘ஃபேஸ்புக் ஆப் மேனேஜர்’, ‘ஃபேஸ்புக் ஆப் இன்ஸ்டாலர்’, ‘ஃபேஸ்புக் சர்வீசஸ்’ என்று ஐகானே இல்லாத மூன்று துணை ஆப்கள் பல போன்களில் உள்ளே தங்கியிருக்கும். ஆப் பட்டியலில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஷோ சிஸ்டம்’ கொடுத்தால் தெரியும். இவற்றை நீக்கினால் ஃபேஸ்புக்கை பிளே ஸ்டோரிலிருந்து போட்டுப் பயன்படுத்துவதில் ஒரு குறையும் வராது.

இதற்கு முன்பெல்லாம் கம்ப்யூட்டரும் கேபிளும் வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே முடியும். இரண்டு இலவச ஆப்கள் தேவை: ஆப்களை நீக்கும் ‘கான்டா’, அதற்கு வேண்டிய கூடுதல் அனுமதியை வாங்கிக் கொடுக்கும் ‘ஷிஸுகு’. ஷிஸுகு பிளே ஸ்டோரில் இருக்கிறது, கான்டாவை, மூல நிரல் திறந்திருக்கும் ஆப்களைத் தரும் எஃப்-ட்ராய்ட் தளத்திலிருந்து எடுக்கலாம். இரண்டின் மூல நிரலும் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் ஒத்த வேறு எதையும் போட்டுவிடாதீர்கள். போன் வைஃபையில் இருக்க வேண்டும். வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட் போதும்.

முதலில் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்ற மெனுவைத் திறக்க வேண்டும். அபௌட் போன் பகுதியில் ‘பில்ட் நம்பர்’ என்பதை 7 தடவை தொடர்ந்து தட்டுங்கள். சாம்சங்கில் அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும். ஷாவ்மி வகையில் பில்ட் நம்பருக்குப் பதில் ‘மியுஐ வெர்ஷன்’ அல்லது ‘ஓஎஸ் வெர்ஷன்’ என்பதைத் தட்ட வேண்டும். போன் பின் நம்பரைக் கேட்டுவிட்டு, நீங்கள் டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று சொல்லும்.

அப்புறம் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங், வயர்லெஸ் டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஷிஸுகுவைத் திறந்து ‘பேரிங்’ கொடுங்கள். அது ஒரு நோட்டிஃபிகேஷனைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். இப்போது வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்துக்குள் போய் ‘பேர் டிவைஸ் வித் பேரிங் கோட்’ என்பதைத் தொட்டால் 6 இலக்க எண் ஒன்று திரையில் வரும். பலர் தடுமாறுவது இங்கேதான். எண்ணைப் பார்த்துவிட்டு ஷிஸுகுவுக்குத் திரும்பினால் அந்தப் பெட்டி மூடிவிடும், எண்ணும் செல்லாது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையை இழுத்து, ஷிஸுகுவின் நோட்டிஃபிகேஷனுக்குள்ளேயே எண்ணை அடித்து அனுப்புங்கள். ஷாவ்மியில் அப்படி அடிக்க இடம் வராவிட்டால், நோட்டிஃபிகேஷன் பாணியை ‘ஆண்ட்ராய்டு’ என்று மாற்றினால் வரும். ஒப்போ, ஒன்பிளஸ் வகையில் அனுமதி கிடைக்காமல் மக்கர் செய்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டிஸேபிள் பெர்மிஷன் மானிட்டரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். இணைந்ததும் ஷிஸுகுவில் ‘ஸ்டார்ட்’ கொடுங்கள்.

இனி கான்டாவைத் திறந்து, அது கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். போனில் உள்ள எல்லா ஆப்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரெகமண்டட், அட்வான்ஸ்டு, எக்ஸ்பர்ட், அன்சேஃப் என்று ஓர் அடையாளம் இருக்கும். நீக்கினால் பாதகமில்லை என்று பலர் சோதித்துப் பார்த்துத் தொகுத்த பட்டியல் அது. நீங்கள் ரெகமண்டட் என்று உள்ளதை மட்டும் தொடுங்கள். அதிலும் ஒரே மூச்சில் முப்பதை டிக் செய்யாதீர்கள். ஐந்தாறு நீக்குங்கள், போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஒரு நாள் போன் பேசி, யூபிஐயில் பணம் அனுப்பி, கேமரா திறந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால், ரீஸ்டார்ட்டில் நின்றுபோன ஷிஸுகுவுக்கு மறுபடி ‘ஸ்டார்ட்’ கொடுத்துவிட்டு அடுத்த ஐந்தாறு. ஏதாவது பிசகினால் எதனால் என்று உடனே தெரிந்துவிடும். கான்டாவிலேயே ‘அன்இன்ஸ்டால்டு’ பக்கத்தில் அதைத் தொட்டுத் திரும்பக் கொண்டுவரலாம்.

இந்த வழியில் ரூட் செய்வதில்லை, அதாவது சிஸ்டத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடுங்கிக்கொள்வதில்லை. போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டையும் திறப்பதில்லை. நீக்கியதும் உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும்தான் போகிறது. மூலப் பிரதி சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. அதனால் ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். ரூட் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேங்க் ஆப்கள் பல ரூட் செய்த போனில் ஓடாது. சாம்சங்கில் நாக்ஸ் பாதுகாப்பு நிரந்தரமாக முறிந்துபோகும், அதை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் சில பேங்க் ஆப்கள் உள்ளே விடாது. திறந்து வைத்திருப்பதும் நல்லதல்ல. ஷிஸுகு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு தானாக நின்றுவிடும், ஆனால் நீக்கியவை நீங்கியபடியேதான் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு முந்தைய போன் என்றால் கம்ப்யூட்டர் வழிதான். கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ‘ஏடிபி’ கருவி தெரிந்த பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களை உட்கார வைத்துச் செய்யுங்கள்.

தொடவே கூடாதவை

கூகுள் பிளே சர்வீசஸ். பேட்டரி பட்டியலில் இது மேலே தெரிவதால் நிறையப் பேருக்கு இதன்மேல் கண். ஆனால் நோட்டிஃபிகேஷன், மேப், ஓடிபி தானாக நிரம்புவது என்று பாதி வேலை இதன் வழியாகத்தான் நடக்கிறது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த ஆண்ட்ராய்டு நிலநடுக்க எச்சரிக்கையும் இதன் வழியாகத்தான் வருகிறது. தில்லியில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்துக்காக ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்’, ‘செல் பிராட்காஸ்ட்’ என்ற பெயர்களில் இருப்பதையும் விட்டுவிடுங்கள். 2023இல் பலத்த சத்தத்தோடு அரசின் சோதனைச் செய்தி வந்ததே, அந்த வழிதான் இது.

‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பது மற்ற ஆப்கள் தங்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டப் பயன்படுத்துவது. 2021 மார்ச்சில் அதன் ஒரே ஓர் அப்டேட் கோளாறாகி, உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. ஐகான் இல்லாத ஓர் ஆப்பை நம்பி எத்தனை ஆப்கள் நிற்கின்றன என்பதற்கு அது ஒன்று போதும்.

கீபோர்டை நீக்கும் முன் வேறொரு கீபோர்டு போட்டு, அதில் பாஸ்வேர்டு அடிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹோம் ஸ்கிரீனைக் காட்டும் லாஞ்சர், போன், மெசேஜ், சிம் டூல்கிட், பேக்கேஜ் இன்ஸ்டாலர், ஃபைண்ட் டிவைஸ் எதையும் தொடாதீர்கள். ஷாவ்மியின் ‘செக்யூரிட்டி’ ஆப்பும் அப்படியே. அதில் விளம்பரம் வந்தாலும், நீக்கினால் சில பதிப்புகளில் போன் லோகோவைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகும். விளம்பரத்தை மட்டும் அதன் செட்டிங்ஸில் அணையுங்கள்.

அப்டேட் வந்த பிறகும், புதுப் போன் வாங்கும்போதும்

பெரிய சிஸ்டம் அப்டேட் வந்து போன் ரீஸ்டார்ட் ஆனதும், சில நேரம் கூடவே ‘உங்களுக்காகச் சில ஆப்கள்’ என்று ஒரு பக்கம் வரும். எல்லாப் பெட்டியிலும் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். டிக்கை எடுத்துவிட்டுத் தாண்டுங்கள். நீக்கியவற்றில் ஒன்றிரண்டு திரும்பியிருக்கலாம், பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புதுப் போனிலும் முதல் தடவை ஆன் செய்யும்போது இதே பக்கம் வரும். கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், ‘நாங்களே செட் பண்ணித் தர்றோம்’ என்று வாங்கி, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டிக் கொடுத்துவிடுவார்கள். போன் ஆன் ஆகிறதா, திரையில் கீறல் இல்லையா, பில்லில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்) பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று மட்டும் கடையில் பாருங்கள். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மொழியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நீங்களே செய்யுங்கள். தனிப்பயன் விளம்பரத்துக்கு அனுமதி, கம்பெனி ஸ்டோருக்கு அனுமதி, பூட்டுத் திரைப் படங்கள், கூடுதல் ஆப்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மேலே சொன்னதில் பாதி வேலை மிச்சம்.